தூரதேசத் திருயாத்திரை: போகிறவர்களுக்கும் போகாதவர்களுக்கும்

பங்கு ஜூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத் தந்தை நிகழ்த்திய உரை



இந்த ஜூபிலி ஆண்டில் நம் பங்கிலிருந்து பல குடும்பங்கள் வெளிநாட்டுத் திருத்தலங்களுக்குப் புறப்பட ஆயத்தமாகி வருகின்றன. லூர்து, ரோமாபுரி, எருசலேம் என்ற பேச்சு அடிபடாத வீடு இப்போது குறைவு. பிரான்சில் பிள்ளைகள் இருக்கிறவர்கள், அவர்களைப் பார்க்கப் போகும் சாக்கில் லூர்தையும் தரிசித்து வரலாம் என்கிறார்கள். மற்றவர்கள் பயணக் குழுக்களில் பெயர் கொடுத்துத் தவணை கட்டி வருகிறார்கள். "அங்கே எதைப் பார்க்க வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும், ஒரு நாள் விவரமாகச் சொல்லுங்கள் சுவாமி" என்று பலரும் கேட்டதால் இன்று இந்தப் பேச்சு.

ஜூபிலி என்றதும் நமக்குப் புறப்படுவதுதான் நினைவுக்கு வருகிறது. வேதாகமத்தில் லேவியர் ஆகமம் 25ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊத வேண்டும், அடிமைகள் விடுதலை பெற வேண்டும், அவரவர் தத்தம் காணிக்கும் குடும்பத்துக்கும் திரும்ப வேண்டும் என்பதே அங்கே கட்டளை. ரோமாபுரிக்குப் போகும் வழக்கம் வெகு காலம் கழித்து வந்தது; 1300ஆம் ஆண்டில் எட்டாம் போனிபாஸ் பாப்பரசர் முதல் ஜூபிலியை அறிவித்தார். ஆகவே ஜூபிலியில் போவதும் உண்டு, திரும்புவதும் உண்டு. போவதைப் பற்றிச் சொல்ல முகவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வருவதைப் பற்றி நாம்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஏனென்று சொல்கிறோம். ஐரோப்பா போய் வந்த நம்மவர் சிலர் ஒரு நாள் கோவில் வளாகத்தில் நம்மிடம் கேட்டார்கள்: "சுவாமி, லூர்தில் தேர் கிடையாது, மேளம் கிடையாது, மொட்டை கிடையாது, மாதாவுக்குப் புடவை சாத்துவது கிடையாது. எவ்வளவு அமைதி, எவ்வளவு சுத்தம்! நாம் மட்டும் ஏன் இன்னும் இந்தப் பட்டிக்காட்டு வழக்கங்களை வைத்துக்கொண்டிருக்கிறோம்?" கேட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து மாதாவுக்குப் பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாள் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாளுக்கும் பதில் சொல்ல வேண்டும், கேட்டவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் சில நடைமுறைக் காரியங்கள்.

முதலாவது, கடன் வாங்கித் திருயாத்திரை போகாதீர்கள். நகையை அடகு வைத்தும், மகள் கலியாணத்துக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்தும் போக வேண்டாம். லூர்துக்கோ ரோமைக்கோ போயே தீர வேண்டும் என்று திருச்சபை யாருக்கும் கட்டளை இட்டதில்லை. இரண்டாவது, குழுவில் சேருமுன் கட்டணத்தில் எவையெல்லாம் அடங்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சாப்பாடு, விசா, உள்ளூர்ப் பேருந்து, திருத்தலத்தில் எத்தனை இரவு தங்கல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். குருவானவர் ஒருவர் கூட வருகிறார் என்று விளம்பரத்தில் இருந்தால், அவர் யார், எந்த மறைமாவட்டம் என்று கேட்பதில் தவறில்லை. பத்து நாளில் ஆறு தேசம் காட்டுகிறோம் என்பவர்களை நாம் நம்புவதில்லை. பேருந்திலிருந்து இறங்கிப் படம் எடுத்து மறுபடி பேருந்தில் ஏறுவதற்குப் பெயர் திருயாத்திரை ஆகாது. செபிக்க எங்கே நேரம்?

பிரான்சு, இத்தாலி முதலான தேசங்களுக்குப் போகிறவர்கள், அங்கிருந்து திரும்பும் தேதிக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்பதை மறவாதீர்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் கேட்பார்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டி ஒரு விமானத்திலும் நீங்கள் ஒரு விமானத்திலும் போய்ச் சேருவது உண்டு. புதுச் செருப்பு, புது பூட்ஸ் வாங்கி அதே நாளில் புறப்படாதீர்கள். ஒரு மாதம் முன்பே வாங்கிக் கடற்கரைச் சாலையில் தினமும் நடந்து பழக்குங்கள். லூர்து பிரனே மலையடிவாரத்து ஊர். கோடையிலும் மழை பெய்யும், இரவில் குளிரும். ஊறுகாய் கொண்டுபோவதை நாம் தடுக்கவில்லை. மூடியை மட்டும் இறுக்கிக் கட்டுங்கள்.

இனி லூர்தைப் பற்றி. பாரீசிலிருந்து விரைவு ரயிலில் ஏறக்குறைய ஐந்து மணி நேரப் பயணம். குறைந்தது இரண்டு இரவாவது தங்குங்கள். மாலை ஐந்து மணிக்கு நற்கருணைப் பவனி நடக்கும். இரவு ஒன்பது மணிக்கு மெழுகுதிரிப் பவனி. பவனிகள் வசந்த காலம் முதல் அக்டோபர் வரைதான் ஒழுங்காக நடைபெறும். குளிர்காலத்தில் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. கூட்டம் கலைந்த பிறகு, இரவு பத்து மணிக்கு மேல், கெபிக்கு முன்னால் போய் உட்காருங்கள். காவ் ஆறு ஓடும் சத்தம் தவிர வேறொன்றும் கேட்காது. பெரிய கோவில்களைப் பார்ப்பதோடு நில்லாமல், ஊருக்குள் போய் 'கஷோ' என்ற அறையையும் பாருங்கள். முன்பு சிறையாக இருந்து, கைதிகளுக்கே ஆகாது என்று கைவிடப்பட்ட அறை அது. புனித பெர்னதெத்தின் குடும்பம் முழுவதும் வறுமையால் அந்த ஒரே அறையில் குடியிருந்தது. அதற்குள் நின்று பார்த்த பிறகு நம் குடிசைவாசிகளைப் பற்றி ஒருவர் இளப்பமாகப் பேசினால், அவர் லூர்துக்குப் போய் வந்தவர் என்று நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம்.

1858ஆம் ஆண்டு பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை பதினெட்டு முறை தேவமாதா அந்தச் சிறுமிக்குக் காட்சி தந்தார். இதுவரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தாங்கள் குணமடைந்ததாக அங்கே பதிவு செய்திருக்கிறார்கள். மருத்துவர்கள் ஆராய்ந்து, திருச்சபை புதுமை என்று ஏற்றுக்கொண்டவை எழுபதைச் சற்றே தாண்டும். எவ்வளவு நிதானம் பாருங்கள். ஒவ்வொரு தலைவலி தீர்ந்ததையும் ஒலிபெருக்கியில் அறிவிக்கும் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆனால் நாம் உங்களை உற்றுக் கவனிக்கச் சொல்வது வேறு. கெபியில் மாதா சுரூபத்தின் பாதத்தில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறது. பிரஞ்சு தெரிந்த நம் பெரியவர்கள் அதைப் படிக்கப் பார்த்து விழிப்பார்கள், ஏனென்றால் அது பிரஞ்சு மொழியே இல்லை. அந்த மலைநாட்டு ஏழைகள் வீட்டில் பேசிய வட்டார மொழி அது. பள்ளிக்கூடத்துப் பிரஞ்சு பெர்னதெத்துக்கு அப்போது சரிவரத் தெரியாது. எழுதப் படிக்கவும் தெரியாது. 'நாமே அமல உற்பவம்' என்று தேவமாதா தம்மை அறிவித்தது அந்தப் பட்டிக்காட்டுப் பேச்சில்தான். பாரீசில் பேசும் மொழியைக் கற்றுக்கொண்டு வா, பிறகு பேசுகிறேன் என்று மாதா சொல்லவில்லை.

இன்னும் ஒன்று உண்டு. பதினைந்து நாள் இங்கே வர முடியுமா என்று அச்சிறுமியிடம் கேட்டபோது, மாதா மரியாதைப் பன்மையில் கேட்டார். நம் மொழியில் சொன்னால் 'நீ வா' என்னாமல் 'நீங்கள் தயவுசெய்து வருவீர்களா' என்ற பாவனை. பதினான்கு வயதுப் பெண், காசநெஞ்சுக்காரி, விறகு பொறுக்க வந்தவள். அதுவரை அவளை அப்படி அழைத்தவர் யாரும் இல்லை. ஒருவர் இன்னொருவரைப் பார்ப்பதுபோல் அந்த அம்மாள் தன்னைப் பார்த்தார் என்று பிற்பாடு அவள் வியந்து சொன்னாள். நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணை, தெருக் கூட்டும் பெரியவரை, கல்லறையில் குழி தோண்டுகிறவரை நாம் எப்படி அழைக்கிறோம்? வயதில் மூத்தவரைக்கூட 'வாடா போடா' என்று கூப்பிடும் வாய் நம் பங்கிலும் உண்டு. லூர்திலிருந்து எல்லாரும் புட்டியில் தண்ணீர் கொண்டுவருகிறீர்கள். மாதா பேசிய அந்த 'நீங்கள்' என்ற சொல்லையும் யாராவது கொண்டுவர வேண்டும் என்பது நம் ஆசை.

லூர்துப் பவனியில் யார் முன்னால் போகிறார்கள் என்றும் பாருங்கள். நோயாளிகள். நீலநிற வண்டிகளில் உட்காரவைத்து, தொண்டர்கள் இழுத்துப் போவார்கள். பெரிய பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள் விடுமுறை எடுத்துக்கொண்டு, சொந்தச் செலவில் வந்து, முன்பின் தெரியாத நோயாளிக்கு வண்டி இழுக்கிறார்கள். இதை நம் ஊர்க் கதையோடு சேர்த்துப் பாருங்கள். மிசியோன் வீதியில் இருக்கும் நம் பேராலயத்தைச் சம்பா கோவில் என்கிறோம். புனித பவுல் என்ற பிரஞ்சுப் பெயர் நம் வாயில் திரிந்து அப்படி ஆயிற்று. இப்போதுள்ள கட்டடம் 1791ஆம் ஆண்டில் முடிந்தது. அதற்கு முன் அங்கே இருந்த கோவிலுக்குள், தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து வைத்து ஒரு சுவர் இருந்தது. அந்தச் சுவரை எடுக்கச் சொல்லி எழுந்த வழக்கை 1745ஆம் ஆண்டு நாட்குறிப்பில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதி வைத்திருக்கிறார். கல் சுவர் போய் இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. தேர் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும், எந்தத் தெருவில் திரும்பிவிட வேண்டும் என்று நம் பக்கத்து ஊர்களில் இன்றும் சச்சரவு வருகிறதே, அது எந்தச் சுவர்?

ஆகவே "லூர்தில் தேர் இல்லை" என்று சொன்னவர்களுக்கு நம் பதில் இது. தேரை விட்டுவிட வேண்டிய அவசியம் இல்லை. தேர் போகாத தெருவுக்கும் தேர் போக வேண்டும். புடவையைப் பற்றிச் சொல்லப்போனால், இத்தாலி தேசத்திலிருந்து வந்த வீரமாமுனிவர் கோனான்குப்பத்தில் தேவமாதாவைப் பெரியநாயகி என்று தமிழ்ப் பெயரிட்டு அழைத்தார். ஐரோப்பாவில் பிறந்த அவருக்கு வராத கூச்சம் நமக்கு எதற்கு?

வில்லியனூரைச் சொல்லாமல் லூர்தை முடிக்கக் கூடாது. காட்சி நடந்து இருபது ஆண்டு முடியுமுன்பே, 1877இல், லூர்து மாதா சுரூபம் கப்பலேறிப் புதுவைக்கு வந்து வில்லியனூரில் நிலைபெற்றது. அப்போது பெர்னதெத்து உயிரோடு நெவேர் நகரக் கன்னியர் மடத்தில் இருந்தார். 1879 ஏப்ரலில்தான் காலமானார். அங்கே ஓடும் நீரூற்று. இங்கே லூர்து நீர் கலந்த திருக்குளம். பாஸ்காவுக்குப் பின் வரும் ஆண்டுத் திருவிழாவில் அந்தக் குளத்தைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் கிறிஸ்தவர் எத்தனை, இந்து சகோதரர் எத்தனை என்று எண்ணிப் பிரிக்க முடியாது. லூர்துக்குப் போகிறவர்கள் முதலில் வில்லியனூருக்கு ஒரு முறை நடந்து போய்விட்டு வாருங்கள். பத்துக் கிலோமீட்டர்கூட நடக்க இயலாதவர்களுக்கு வெளிநாட்டுப் பயணம் எவ்வளவு சிரமம் என்பதும் அதில் தெரிந்துவிடும்.

பாரீசில் எல்லாரும் எய்பெல் கோபுரம் பார்க்கிறார்கள், பாருங்கள், குற்றமில்லை. நாம் சொல்வது 'ரூ து பாக்' என்ற வீதி. அதில் 140ஆம் எண் வீட்டில், 1830இல் புனித கத்தரீன் லபூரேக்குத் தேவமாதா காட்சி தந்த சிற்றாலயம் இருக்கிறது. நம் கழுத்தில் தொங்கும் அற்புதப் பதக்கம் அங்கிருந்து வந்தது. அங்கே வரும் நம்மவர்கள் பதக்கம் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் பெரிய கடைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். சில வீடு தள்ளி 128ஆம் எண் வாசலை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பாரீஸ் அந்நிய வேதபோதக சபையின் தலைமை மடம் அது. 1776 முதல் நம் புதுவை மிசியோனை நடத்திய குருக்கள் அந்த வாசல் வழியாகத்தான் புறப்பட்டு வந்தார்கள். புறப்படும் நாளில் அவர்களைப் பீடத்தின் முன் வரிசையாக நிறுத்தி, வழியனுப்ப வந்தவர்கள் ஒவ்வொருவராக முழங்காலில் விழுந்து அவர்களுடைய பாதங்களை முத்தி செய்வார்கள். அப்போது பாடும் பிரிவுப் பாடலுக்கு இசை அமைத்தவர் பேர்போன கூனோ. அவர் அந்தக் கோவிலிலேயே சில காலம் பாடகர் குழுத் தலைவராக இருந்தவர். போகிறவர் திரும்பி வரமாட்டார் என்பது இரு தரப்புக்கும் தெரியும். அவர்களுக்குத் திரும்பும் டிக்கட் கிடையாது.

வந்தவர்கள் இங்கே என்ன செய்தார்கள்? தமிழ் படித்தார்கள். முசே சுவாமியும் துப்புய் சுவாமியும் தமிழ்-பிரஞ்சு அகராதி எழுதினார்கள்; மிசியோன் அச்சகத்தில் அது அச்சாயிற்று. பெண் பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்று 1844இல் பொன்னான் மேற்றிராணியார் காலத்துப் புதுவைச் சங்கத்தில் பேசினார்கள். அதே ஆண்டில் துப்புய் சுவாமி நம் நாட்டுப் பெண்களையே கொண்டு ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். பாரீசிலிருந்து வந்தவர்கள் இங்கே தமிழில் பேசினார்கள். புதுவையிலிருந்து பாரீசுக்குப் போன நம் பேரப் பிள்ளைகள் தமிழில் பேச வெட்கப்படுகிறார்கள். இதையும் அந்த 128ஆம் எண் வாசலில் நின்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ரோமாபுரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம், ஏனென்றால் அதைப் பற்றிப் புத்தகங்கள் ஏராளம். இராயப்பர் பேராலயத்துக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. வாசலில் நின்று சீட்டு விற்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள். புதன்கிழமைப் பாப்பரசர் சந்திப்புக்கும் அனுமதிச் சீட்டு இலவசமே. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். நம் தாய்மார்களின் புடவைக்கு அங்கே ராஜ மரியாதை. குடிதண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. வீதிதோறும் இரும்புக் குழாய்த் தூண்களில் நல்ல நீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேல்புறத் துளை வழியாகப் பீறிட்டு வரும், குனியாமல் குடிக்கலாம். ரயில் நிலையத்திலிருந்து வத்திக்கானுக்குப் போகும் 64ஆம் எண் பேருந்தில் மட்டும் செபமாலையைவிடக் கைப்பையை இறுக்கிப் பிடியுங்கள்.

அங்கே இயேசு சபையாரின் 'ஜேசு' ஆலயத்தில் புனித சவேரியாரின் வலக்கரம் வைக்கப்பட்டிருக்கிறது. அவர் உடல் கோவாவில் இருப்பது உங்களுக்குத் தெரியும். 1542 முதல் முத்துக்குளித்துறைக் கரையெங்கும் நடந்து, கை ஓய்ந்து விழும்வரை பரதவ மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கரம் அதுதான். ஆயிரம் ஓவியங்களுக்கு நடுவே அந்தக் கரத்தின் முன் நில்லுங்கள். நம் கடற்கரையின் உப்பு பட்ட கரம்.

எருசலேமுக்குப் போகிறவர்கள் அங்குள்ள நிலவரத்தை விசாரித்து, அரசாங்க அறிவிப்பைப் பார்த்துப் புறப்படுங்கள். 2023 அக்டோபருக்குப் பின் எத்தனையோ குழுக்களின் பயணம் தடைப்பட்டது. ஆண்டவரின் கல்லறைக் கோவிலில் கிரேக்கர், இலத்தீனர், அர்மீனியர் முதலான சபையார் ஆளுக்கொரு பங்கு வைத்திருக்கிறார்கள். கதவின் சாவியைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருப்பது முஸ்லிம் குடும்பம். கிறிஸ்தவர்கள் ஒருவரையொருவர் நம்பாததால் வந்த ஏற்பாடு என்று சிரிப்பவர்கள் உண்டு. அடுத்தவர் சாவியை இத்தனை நூற்றாண்டு பத்திரமாகக் காத்துக் கொடுத்தவர்களை நாம் வணங்குகிறோம். ஒலிவ மலையில், ஆண்டவர் செபம் கற்பித்த இடத்தில் கட்டிய 'பரலோக மந்திர' ஆலயச் சுவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் அச்செபம் பதித்திருக்கிறது. தமிழும் இருக்கிறது. தேடிக் கண்டுபிடித்து, வாய்விட்டுப் படியுங்கள்.

இதுவரை சொன்னவை பணம் கட்டிப் போகிற பயணங்கள். நம் புதுவை, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து வேறு விதமான பயணமும் நடந்தது. பிரஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமை முறை ஒழிந்ததும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டி நம் மக்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். ரெயூனியோன் தீவுக்குப் போனார்கள். 1853 முதல் மார்த்தினிக்குக்கும் 1854 முதல் குவாதலூப்புக்கும் போனார்கள். எத்தனை பேர் கடலிலேயே மாண்டார்கள்! அந்தத் தீவுகளுக்கு உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள் நம் பங்கில் இருக்கிறார்கள். கடற்கரை விடுதியோடு திரும்பிவிடாமல் ரெயூனியோனில் 'ரிவியேர் தே ப்ளுய்' என்ற இடத்துக் கறுப்பு மாதாவைத் தரிசியுங்கள். கிறிஸ்தவரும் வருவார்கள், 'மலபார்' என்று அங்கே அழைக்கப்படும் நம் தமிழ் வம்சத்தாரும் வருவார்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, கோவில் பெயர் ஒன்று என்று இரண்டு பெயரோடு வாழும் குடும்பங்கள் அங்கே உண்டு. மொழி போய்விட்டது. கூட்டு மறக்கவில்லை, மாலை கட்டுவதை மறக்கவில்லை, வெறுங்காலோடு நிற்பதை மறக்கவில்லை. நமக்கு வெட்கமாகத் தோன்றுகிற காரியங்களே அவர்களுக்கு எஞ்சிய சொத்து.

மொரீசியசில் இறங்கியதும் பணத்தாளைத் திருப்பிப் பாருங்கள். தமிழ் எழுத்து அச்சிட்டிருக்கும். அங்கே சாந்த் குருவா என்ற இடத்தில் முத்திப்பேறு பெற்ற லவால் சுவாமியாரின் கல்லறை இருக்கிறது. பிரான்சில் மருத்துவராக இருந்து குருவானவர். 1841இல் அத்தீவுக்கு வந்து, விடுதலை பெற்ற கறுப்பின மக்களோடு வாழ்ந்து, துரைமார் ஏளனம் செய்த அவர்களுடைய கிரியோல் பேச்சையே கற்று அதிலேயே ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தார். லூர்தில் மாதா செய்ததையே அவரும் செய்தார் என்று நமக்குத் தோன்றுகிறது. 1864 செப்டம்பர் 9இல் மரித்தார். இரண்டாம் அருள் சின்னப்பர் பாப்பரசரான பின் 1979இல் முதன்முதலாக முத்திப்பேறு பட்டம் கொடுத்தது இவருக்கே. அவர் நினைவு நாளின் முந்திய இரவில் தீவெங்குமிருந்து மக்கள் நடந்தே வருவார்கள், இந்துக்களும் முஸ்லிம்களும் உள்பட.

சைகோன் நகரில் நம் பாட்டன்மார் பிரஞ்சு அரசாங்கத்தில் வேலை பார்த்த கதை பல வீட்டுத் திண்ணைகளில் கேட்டதுதான். அங்குள்ள மாரியம்மன் கோவிலில் இன்று ஊதுவத்தி ஏற்றி வேண்டுகிறவர்களில் மிகுதியானோர் வியட்நாமியர். சிங்கப்பூரில் ஓபிர் சாலையில் ஒரு லூர்து மாதா கோவில் உண்டு. தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுப்பி 1888இல் முடித்தார்கள், லூர்துப் பேராலயத்தின் சாயலில். விமானம் மாற அங்கே இறங்குகிறவர்கள் ஒரு தமிழ்ப் பூசை கண்டுவிட்டு வரலாம்.

கடைசியாக ஒன்று. ஜெர்மனியில், ஒல்லாந்து எல்லைக்கு அருகே கெவேலார் என்றொரு சிற்றூர். 1642 முதல் அது மாதா திருத்தலம். அங்கே வணங்கப்படுவது உள்ளங்கை அளவுள்ள ஒரு தாள் படம், அவ்வளவுதான். யுத்தத்தால் ஈழத்திலிருந்து சிதறி ஐரோப்பா எங்கும் அடைக்கலம் புகுந்த தமிழர்கள் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் ஆயிரக்கணக்கில் அங்கே கூடுகிறார்கள். கிறிஸ்தவர் மட்டும் வருவதில்லை, இந்துக்களும் பெருந்திரளாக வருகிறார்கள். சுவிட்சர்லாந்தில் ஐன்சிடெல்ன் மடத்துக் கறுப்பு மாதாவிடமும் அவர்கள் போகிறார்கள். தங்கள் மண்ணில் மடு மாதாவிடம் போய்ப் பழகிய கால்கள் அவை. அந்த மடு மாதாவே அகதியாய் அலைந்தவர்தான். ஒல்லாந்தர் காலத்துக் கலாபனையில் மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். 2008 ஏப்ரலில் குண்டு விழுந்த நாட்களில் குருக்கள் மறுபடி சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். ஆகஸ்டில் திரும்பக் கொண்டுவந்தார்கள். தமிழரும் சிங்களவரும் சேர்ந்து முழங்காலில் நிற்கும் இடங்களில் மடு முக்கியமானது. இலங்கைக்குப் போகிறவர்கள் கடற்கரை நகரங்களோடு நின்றுவிடாமல் மன்னார்ப் பக்கம் போய் அதைத் தரிசிக்க வேண்டும்.

கெவேலாருக்குப் போன நம் பங்குக் குடும்பம் ஒன்று நம்மிடம் சொன்னது. பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவுமாக நம் பெண்கள் வீதியில் போவதை உள்ளூர் ஜெர்மானியர் வாசலில் வந்து நின்று பார்க்கிறார்களாம். வருத்தம் என்னவென்றால், தங்கள் சொந்தப் பிள்ளைகள் கோவிலுக்கு வருவது குறைந்துவிட்ட ஊரில், இத்தனை வாலிபர்கள் தாய் தகப்பனோடு செபமாலை சொல்லிக்கொண்டு போவதைக் கண்டு ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். பூ கட்டிக்கொண்டிருந்த நம் அம்மாளுக்கு இதைச் சொன்னோம். "அங்கே மல்லிகை எங்கேயிருந்து கிடைக்கும் சுவாமி?" என்று கேட்டார்.

இனி திரும்பும் காரியம். லூர்துத் தண்ணீருக்குப் புட்டிகளை இங்கிருந்தே காலியாகக் கொண்டுபோங்கள். குழாயில் பிடிக்கக் காசில்லை, கடையில் புட்டிக்குத்தான் காசு. விமானத்தில் கைப்பையில் வைத்தால் பிடுங்கிவிடுவார்கள், பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே வையுங்கள். போகுமுன், நம் பங்கில் படுத்த படுக்கையாய் இருக்கிறவர்களின் வீடுகளுக்குப் போய், என்ன வேண்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் பெயர்களைக் கோவில் அலுவலகத்தில் தருவோம். கெபிக்கு முன்னால் நின்று அந்த நோட்டைப் பெயர் பெயராகப் படியுங்கள். வந்து சேர்ந்த பிறகு முதலில் அந்த வீடுகளுக்குப் போங்கள். போட்டோக்களை அப்புறம் காட்டலாம். பக்கத்தில் உட்கார்ந்து, மழை எப்படிப் பெய்தது, ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது, கெபியின் பாறையைத் தொட்டால் எப்படி ஈரமாக இருந்தது என்று அவர்கள் கேட்கக் கேட்க நிதானமாகச் சொல்லுங்கள்.